செருப்புக்குக் காவல்

புதுச்சேரிக்கு ஓய்வெடுக்க வருகிறவர்களுக்காக ஒரு பட்டியல் எப்போதும் தயாராக இருக்கிறது. விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் சூரிய உதயம். பிறகு பிரெஞ்சுத் தெருக்களின் மஞ்சள் சுவர்களுக்கு நடுவே வாடகை சைக்கிள். முற்றம் வைத்த ஏதாவதொரு காபிக்கடையில் குரோசான். மதியம் சுண்ணாம்பாற்றிலிருந்து படகேறி பாரடைஸ் கடற்கரை. மாலையில் எண்ணெய் மசாஜ். மறுநாள் ஆரோவில், நேரமிருந்தால் ஊசுட்டேரியில் பறவைகள். பட்டியலுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு பெண்ணின் படம் இருக்கும். தொப்பி வைத்துக்கொண்டு, நமக்கு முதுகைக் காட்டியபடி, கடலைப் பார்த்து நிற்பாள். முகம் தெரியாது. யாராக வேண்டுமானாலும் அவளை நாம் நினைத்துக்கொள்ளலாம் என்பது விளம்பரக்காரர்களின் கணக்கு.

வில்லியனூர் கொம்யூனிலோ பாகூர் கொம்யூனிலோ இருக்கிற ஒருத்தியாக மட்டும் அவளை நினைத்துப் பார்க்க முடிவதில்லை. இத்தனைக்கும் அந்தக் கடற்கரையிலிருந்து வில்லியனூர் பத்து கிலோமீட்டர், பாகூர் இருபது கிலோமீட்டர். பெங்களூரிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டிவந்து ஒருவர் ஓய்வெடுத்துவிட முடிகிறது. இருபது கிலோமீட்டரைத் தாண்ட ஒரு பெண்ணுக்கு ஒரு வருடம் ஆகிறது.

ஆனால் அவள் அங்கே தினமும் வருகிறாள் என்பதையும் சொல்ல வேண்டும். சூரிய உதயத்தைப் படம் பிடிக்க நீங்கள் பாறைமேல் ஏறி நிற்கும் நேரத்தில் அவள் முதல் பேருந்தில் நின்றுகொண்டு வருகிறாள். நீங்கள் கலைத்துப் போட்ட படுக்கையின் விரிப்பை உருவி, மணல் அப்பிய குளியலறையைக் கழுவி, துண்டை மடித்து வைக்கிறாள். நேரு வீதித் துணிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி உங்களுக்குப் புடவை விரித்துக் காட்டுகிறாள். கீரையும் பூவும் மீனும் அவள் கூடையில்தான் நகரத்துக்குள் வருகின்றன. ஓய்வு என்று நாம் சொல்வது பல சமயம் நம் வேலையை இன்னொருவர் செய்கிற நேரம்தான். அந்த இன்னொருவர் யார், அவருக்கு அந்த நேரம் எப்போது கிடைக்கும் என்ற கேள்வி பட்டியலில் வருவதில்லை.

தொப்பி வைத்த பெண்ணை நான் திட்டவில்லை. மாமியார் வீட்டு விருந்தாளிகளுக்கும் அலுவலகத்து மேலாளருக்கும் நடுவிலிருந்து இரண்டு நாளைப் பிய்த்து எடுத்துக்கொண்டு வந்தவளாக அவள் இருக்கலாம். அவளுக்கும் அந்தக் கடற்கரை முழுதாகக் கிடைப்பதில்லை. குடித்துவிட்டுக் கும்பலாக வரும் ஆண்களின் பார்வையைத் தாங்கிக்கொண்டுதான் அவளும் கால் நனைக்கிறாள். என் சண்டை அவளோடு அல்ல. பெண்ணின் ஓய்வு என்பது காசு கொடுத்து வாங்கும் பண்டம், வாங்க முடியாதவளுக்கு அது தேவையே இல்லை என்று நம்மை நம்ப வைத்திருக்கும் ஏற்பாட்டோடு.

கிராமத்துப் பெண்களுக்கு என்ன, வேலை செய்துகொண்டே பேசிச் சிரித்துக்கொள்வார்கள், அவர்களுக்கு அதுதான் ஓய்வு என்று நம்மில் படித்தவர்களே சொல்கிறோம். நடவு வயலில் பாடுகிறார்கள், குழாயடியில் கதை பேசுகிறார்கள், திண்ணையில் பூக் கட்டுகிறார்கள். கவனித்துப் பாருங்கள், இவற்றில் ஒன்றில்கூடக் கை சும்மா இல்லை. முதுகு வளைந்து நாற்று நட்டுக்கொண்டே பாடுவதை ஓய்வு என்று பெயரிட்டவர் ஒருநாள்கூட நட்டவராக இருக்க முடியாது.

குடும்பத்தோடு கடற்கரைக்கு வரும் நாளைப் பார்ப்போம். காணும் பொங்கல் என்று வைத்துக்கொள்வோம். அவள் நான்கு மணிக்கு எழுகிறாள். புளிச்சோறு, தயிர்ச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், பிள்ளைகளுக்குத் தனியாக ஏதாவது. தண்ணீர்ப் பாட்டில்கள், மாற்றுத்துணி, துண்டு, பழைய பெட்ஷீட் ஒன்று. தான் மட்டும் தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறாள், ஏனென்றால் போகிற இடத்தில் கழிப்பறை எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கடற்கரைக்கு வந்ததும் எல்லோரும் தண்ணீருக்குள் ஓடுகிறார்கள். செருப்பு, கைக்கடிகாரம், செல்போன், பணப்பை, கழற்றிப் போட்ட சட்டைகள் எல்லாம் அவளைச் சுற்றி வந்து குவிகின்றன. அவள் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிடும் நேரத்தில் பரிமாறுகிறாள். கிளம்பும்போது கணுக்கால் வரை நனைத்துக்கொண்டு வந்தால் உண்டு. புடவை முழுக்க நனைந்தால் மாற்ற மறைவிடம் கிடையாது, ஈரத்தோடு பேருந்தில் நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அத்தனை பேர் துணியிலிருந்தும் மணலை உதறித் துவைப்பவளும் அவள்தான். மறுநாள் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொள்வார்கள்: நேற்றுக் குடும்பத்தோடு பீச்சுக்குப் போய் நல்லா ரிலாக்ஸ் பண்ணிட்டு வந்தோம். செருப்புக்குக் காவல் இருந்தவளையும் அந்த ‘வந்தோம்’ சேர்த்துக்கொள்கிறது.

குடும்பம் இல்லாமல் அவள் வெளியே கிளம்ப வேண்டுமென்றால் சாமி துணைக்கு வர வேண்டும். மாசிமகத்துக்குத் திருக்காஞ்சி, ஆடியில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர், தை ஐந்தாம் நாள் தென்பெண்ணைக் கரையில் ஆற்றுத் திருவிழா, நடுவில் மேல்மருவத்தூருக்கு ஒரு வேன். பக்தியைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. எத்தனையோ பெண்களுக்கு அந்த வேன் பயணம்தான் வாழ்க்கையில் கிடைத்த ஒரே சுற்றுலா. ஆற்று மணலில் உட்கார்ந்து சுருளிக்கிழங்கு தின்றுகொண்டு, யாருக்கும் எதுவும் எடுத்துக்கொடுக்காமல் இருந்த ஒரு மணி நேரத்தை அவர்கள் வருடம் முழுக்கப் பேசுவார்கள். எரிச்சல் எனக்கு வேறிடத்தில். மாலையில் டீக்கடைக்குப் போகிற ஆண் எந்தச் சாமியின் பெயரையும் சொல்லிவிட்டுப் போவதில்லை. அவன் போகிறான், அவ்வளவுதான். இவளுக்கு மட்டும் விடுப்புச் சீட்டில் அம்மன் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது.

கணக்கு கேட்பவர்களுக்குக் கணக்கும் இருக்கிறது. ஒன்றிய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிட்ட நேரம் சராசரியாக 299 நிமிடம். ஆண் செலவிட்டது 97 நிமிடம். அதுவும், அன்றைக்கு வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களை மட்டும் எண்ணி. அப்படிக் கை வைத்தவர்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களில் 81 பேர். 2024 கணக்கெடுப்பில் பெண்ணின் நேரம் 289 நிமிடமாக இறங்கியது. ஐந்து வருடத்தில் பத்து நிமிடம் மிச்சம். ஆணும் சும்மா இருக்கவில்லை, தன் பங்கிலிருந்து ஒன்பது நிமிடத்தைக் குறைத்து 88க்குக் கொண்டுவந்துவிட்டான்.

இந்தக் கணக்கு புதுச்சேரியில் கூடுதலாக வலிக்க வேண்டும். ஏனென்றால் ஓய்வு நேரம் உரிமை என்பதற்காக உயிரைக் கொடுத்த ஊர் இது. 1936 ஜூனில் பிரான்சில் லியோன் புளூமின் மக்கள் முன்னணி அரசு தொழிலாளர்களுக்கு வருடத்தில் இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் போட்டது. அந்தக் கோடையில்தான் அங்கே பல ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் முதல்முறையாகக் கடலைப் பார்த்தன. கடற்கரையில் ஓய்வு என்கிற இந்த ஆடம்பரம், ஒரு காலத்தில் வேலைநிறுத்தம் செய்து பிடுங்கிய உரிமை. அதே கோடையில், அதே பிரெஞ்சுக் கொடியின் கீழ், புதுச்சேரியின் சவானா மில் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டு நின்றார்கள். ஜூலை 30ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தார்கள். அவர்கள் சாவுக்குப் பிறகு 1937இல் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. ஆசியாவிலேயே முதல் என்று இன்றும் பெருமையோடு சொல்கிறோம். தோழர் வ. சுப்பையாவின் பெயரை மறக்காமல் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும்.

அந்த எட்டு மணி நேரம் மில் வாசலோடு நின்றுவிட்டது. சங்கு ஊதியதும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவனுக்கு உலை வைத்தவளுக்கு எந்தச் சங்கு ஊதியது? ஏ.எஃப்.டி. மில்லே 2020இல் மூடப்பட்டுவிட்டது. ஆலை வேலை போய் விடுதி வேலை, கடை வேலை, வீட்டு வேலை என்று ஊரின் உழைப்பே உருமாறியிருக்கிறது. இந்த வேலைகளில் பெண்களே நிறைய. இவற்றில் பல இடங்களில் வார விடுமுறை என்பது முதலாளியின் மனசு. சனி ஞாயிறுதான் சுற்றுலாக் கூட்டம் என்பதால் அந்த இரண்டு நாளும் லீவு கேட்கவே முடியாது, அவள் பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாளும் அதுவே. உட்காரக்கூட உரிமை கேட்க வேண்டியிருக்கிறது. கேரளத்துத் துணிக்கடைப் பெண்கள் போராடி 2018இலும், தமிழ்நாட்டில் 2021இலும், கடை ஊழியருக்கு நாற்காலி தர வேண்டுமென்று சட்டத் திருத்தம் வந்தது. நாற்காலி! ஒரு பெண் வேலைக்கு நடுவில் உட்காரலாம் என்பதைச் சட்டசபையில் சொல்ல வேண்டியிருந்தது.

உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்தால் இந்தச் சமூகத்துக்கு வரும் கோபம் விசித்திரமானது. நூறு நாள் வேலையைப் பற்றி ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ‘ஏரி வேலைன்னு போய் மரத்தடியில உக்காந்து கதை பேசிட்டு வர்றாளுங்க, அதுக்குக் கூலி.’ டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வார்கள். வேலைத் தளத்தில் குடிதண்ணீர், நிழல், இளைப்பாறும் நேரம் எல்லாம் இருக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே எழுதியிருந்தது. அவள் சட்டப்படிதான் உட்கார்ந்தாள். வில்லியனூர் பக்கத்து ஏரிக்கரைகளில், நாற்பது பெண்கள் ஒன்றாக, பகல் வெளிச்சத்தில், பொது இடத்தில், வீட்டு ஆண் ஒருவர்கூட அருகில் இல்லாமல் அரை மணி நேரம் மரநிழலில் இருந்தார்களே, அதைப் பொறுக்க முடியவில்லை. விவசாயத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற புலம்பலுக்கும் அடியில் இதே கோபம் கொஞ்சம் கலந்திருக்கிறது.

ஆண்களுக்கு எங்கெங்கே இடம் இருக்கிறது என்று ஒரு கிராமத்தைச் சுற்றி வாருங்கள். டீக்கடை, முடிதிருத்தும் கடை, கோயில் அரசமரத்தடி, ரசிகர் மன்றக் கொட்டகை, வாலிபால் மைதானம், வாய்க்கால் மதகு. இவை போதாதென்று அரசே ஏலம் விடும் சாராயக்கடையும் கள்ளுக்கடையும். சென்னைக்காரர்களுக்குப் புதுச்சேரி என்றால் மலிவான மது. ஊர்ப் பெண்களுக்கு அதே மது என்னவாக வந்து சேர்கிறது என்பதை இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை. பெண்களுக்கான இடம் என்று தேடினால் ரேஷன் கடை வரிசையும் சுயஉதவிக் குழுவின் கடன் கூட்டமும் தேறும். இரண்டிலும் ஏதாவது வாங்கவோ கட்டவோதான் போக வேண்டும். மும்பையை வைத்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் எழுதிய ‘வை லாய்ட்டர்?’ என்ற நூல் பெண்கள் பொது இடத்தில் இருப்பதற்கு எப்போதும் ஒரு காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைய வேண்டியிருப்பதைப் பற்றிப் பேசியது. அது பெருநகரத்துக்கு எழுதிய புத்தகம். பாகூருக்கு வந்தால் இன்னும் கடுமை: காரணம் இருந்தாலும், அது யாருடைய காரணம் என்று கேட்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. புதுச்சேரிக்கு ஓய்வெடுக்க வருகிறவர்கள் தவறாமல் படம் எடுக்கும் வெள்ளைக் கட்டடம் பாரதி பூங்காவின் நடுவில் இருக்கும் ஆயி மண்டபம். ஆயி தேவதாசி. விளக்கு வெளிச்சத்தில் அவள் மாளிகையைக் கோயில் என்று நினைத்து மன்னன் கும்பிட்டானாம். தாசி வீடு என்று தெரிந்ததும் அவமானம் தாங்காமல் இடிக்கச் சொன்னானாம். அவளே இடித்து, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாளாம். முத்தரையர்பாளையத்து அந்தத் தண்ணீர்தான் பின்னாளில் பிரெஞ்சு நகரத்துக்குக் குழாயில் வந்தது என்றும், கதையைக் கேட்ட மூன்றாம் நெப்போலியன் அவள் நினைவாக மண்டபம் கட்டச் சொன்னான் என்றும் சொல்வார்கள். பாகூர்ப் பக்கம் வந்தால் பங்காரி, சிங்காரி என்று இரண்டு சகோதரிகள். அவர்களும் தேவதாசிகள். பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்கால் அவர்கள் நகையை விற்று வெட்டியது என்பது ஊர்க்கதை.

கதைகள் எவ்வளவு உண்மை என்பது வேறு விஷயம். ஊர் எதை நினைவில் வைத்துக்கொள்ளத் தேர்ந்தெடுத்தது என்பதைப் பாருங்கள். வீட்டை இடித்த பெண், நகையை விற்ற பெண். கொடுத்தால் மண்டபம் உண்டு, வாய்க்காலுக்குப் பெயர் உண்டு. அந்தக் குளத்தங்கரையில் ஆயி ஒருநாள் மாலை காலை நீட்டி உட்கார்ந்தாளா என்று ஒரு கதையும் சொல்லவில்லை. பங்காரு வாய்க்காலின் மதகில் இன்றைக்கு யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்தால் தெரியும்.

இப்போது ‘மீ டைம்’ என்றொரு பேச்சு கல்லூரிகளில் ஓடுகிறது. உன்னை நீயே கவனித்துக்கொள், ஒரு நாள் உனக்காக ஒதுக்கு, முகத்துக்குப் பூசிக்கொள், தனியாகப் பயணம் போ. சொல்பவர்களின் நோக்கம் தவறல்ல. ஆனால் பிரச்சினையை அது அவள் மனசுக்குள் தள்ளிவிடுகிறது. ஓய்வெடுக்காதது அவள் குற்றம் போலவும், கொஞ்சம் துணிந்தால் கிடைத்துவிடும் போலவும். விடுதியில் அறை துடைக்கிறவளுக்குத் துணிச்சல் குறைவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூலியும், இருட்டிய பிறகு ஊருக்குள் போகிற ஒரு பேருந்தும், அன்றைக்கு வீட்டில் உலை வைக்கிற இன்னொரு கையும்தான் குறைவு. கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணியிலிருந்து காலை ஏழரை வரை வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். கட்டணம் கிடையாது, காற்று வாங்கிக்கொண்டு நடக்கலாம். நல்ல ஏற்பாடு. அந்த ஆறு மணிக்குத்தான் அவள் ஊருக்குத் திரும்பும் பேருந்துக்கு ஓடிக்கொண்டிருக்கிறாள்.

முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை. சின்ன வீராம்பட்டினத்து ஈடன் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்று வாங்கினார்கள். சுத்தமான கழிப்பறை, உடைமாற்றும் இடம், பாதுகாப்பு எல்லாம் இருந்தால்தான் அந்தச் சான்று கிடைக்கும். ஆக, கடற்கரையில் ஒரு பெண்ணுக்கு என்னென்ன வேண்டும் என்று அரசாங்கத்துக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. இதே கரையில் சற்றுத் தெற்கே போனால் பாகூர் கொம்யூனுக்கே நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம் என்று சொந்தக் கடல் இருக்கிறது. அங்கே விடிகாலையில் மீனைத் தரம் பிரித்துக் கூடையில் சுமப்பதும் கருவாடு காயப்போடுவதும் பெண்கள். அந்த மணலில் அவர்களுக்கு என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு நீலக்கொடியைப் பார்க்க வேண்டும்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் சிக்கல். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968இல் நடந்தது, பிறகு 38 வருடம் கழித்து 2006இல் நடந்தது. 2011இல் அவர்கள் பதவிக்காலம் முடிந்த பின் தேர்தல் இல்லாமலே வருடங்கள் ஓடின. கொம்யூன் பஞ்சாயத்துகளை அதிகாரிகள் நடத்தினார்கள். மூன்றில் ஒரு பங்கு இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய கிராமத்துப் பெண்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தெருவிளக்கு எரியவில்லை, கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்று போய் நிற்பதற்குத் தெரிந்த முகம் இல்லாமல் போனது. இந்த நாற்காலி பறிபோனதைப் பற்றி நம் பெண்ணியக் கூட்டங்களில்கூட அதிகம் பேசக் காணோம்.

இருந்தாலும் மனு கொடுக்கலாம். ஏரிக்கரையில் வெளிச்சத்தோடு நான்கு பெஞ்சு, பக்கத்தில் தண்ணீர் வரும் கழிப்பறை, இரவு ஒன்பது மணிக்கு மேல் நகரத்திலிருந்து கிளம்பும் ஒரு பேருந்து. வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் கல்லூரிக்கு வருகிற மாணவிகள் எழுதிக் கொடுத்தால் அம்மாக்கள் கையெழுத்துப் போடுவார்கள். மனுவில் ‘நோக்கம்’ என்று ஒரு வரி எழுத வேண்டியிருக்கும். அங்கே உடற்பயிற்சி, மகளிர் நலம், குழந்தைகள் விளையாட என்றெல்லாம் போட உங்கள் கை தானாகப் போகும். போடாதீர்கள். பெண்கள் சாயங்காலம் உட்காருவதற்கு என்று மட்டும் எழுதுங்கள்.